கல்லீரல் நோயாளியும் அரசின் உதவியும்

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் ஏறுகிறவர் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அதனைச் செவ்வனே செய்து முடித்துவிட்டார்கள். நானோ ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்லீரலைப் பற்றி நீண்ட காலம் வருத்தும் நோயையும், அந்நோயால் உழைக்க இயலாமற்போன ஒருவர் அரசின் உதவியைப் பெறும் வழிகளையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பள்ளிக்கூடத்து ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வருகைப் பதிவேடுதான் என்னை இப்பொருளுக்கு அழைத்து வந்தது. ஒரு மாணவன் தொடர்ந்து பள்ளிக்கு வாராவிடில் காரணம் விசாரிப்பது எங்கள் கடமை. விசாரிக்கும்போதெல்லாம், பையனுக்கு உடம்பு சரியில்லை என்ற விடையைவிட, தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்ற விடையே மிகுதியாக வருகிறது. தகப்பன் படுத்துவிட்டால் தாய் கூலிக்குப் போகிறாள். மூத்த பிள்ளை ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறது. இளைய பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் வருமானம் நின்றால், அதனோடு முதலில் நிற்பது பிள்ளைகளின் படிப்பே. ஆகவே இதனையும் ஒரு கல்விப் பொருளாகவே கொண்டு செவிமடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நோயைச் சற்றுப் புரிந்துகொள்வோம். கல்லீரல் நம் வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளின் அடியில் இருக்கும் பெரிய உறுப்பு. உண்ட உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவதும், நச்சுப் பொருள்களை முறிப்பதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை உண்டாக்குவதும் அதன் பணிகள். நெடுங்காலம் அழற்சிக்கு உள்ளானால் அதில் தழும்பு போன்ற நார் வளர்ந்து, உறுப்பு இறுகிச் சுருங்குகிறது. இதனையே ஈரல் சுருக்கம் என்றும் சிர்ரோசிஸ் என்றும் மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நம் முன்னோர் இதனை மகோதரம் என்றனர். உணவுக்குழாயில் புடைத்த இரத்தக் குழாய் வெடித்து வாந்தியில் இரத்தம் வரும். முறிக்கப்படாத நச்சு மூளையைத் தாக்க, மனிதர் தடுமாறிப் பேசுவார், பட்டப்பகலில் உறங்குவார், சில வேளை பெற்ற பிள்ளையின் பெயரையும் மறப்பார்.

இத்தனை துன்பத்திற்கு ஆளானவரைத் தெருவில் பார்த்தால் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண்ணும் காதும் இருக்கின்றன. மூட்டை தூக்கவோ மண் வெட்டவோ அவரால் இயலாது என்பது பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை. இந்நோயாளியின் இன்னல் அனைத்தும், அவரது இயலாமை வெளியே தெரியாத இயலாமை என்பதிலிருந்தே தொடங்குகிறது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? நம் அரசியலமைப்பின் 41 ஆம் உறுப்பு, வேலையின்மை, முதுமை, நோய், உடலியலாமை ஆகிய நிலைகளில் குடிமக்கள் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார ஆற்றலுக்குட்பட்டு அரசு வழிசெய்ய வேண்டும் என்று பணிக்கிறது. நோய், உடலியலாமை என்னும் இரண்டு சொற்களையும் அவ்வுறுப்பு தனித்தனியே குறிப்பிட்டிருப்பதை உங்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஆனால் பின்னர் வந்த உதவிச் சட்டங்கள் இரண்டாவது சொல்லையே பெரிதும் பற்றிக்கொண்டன.

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதற்கு மாற்றாக 2016 ஆம் ஆண்டில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. பார்வை, செவி, பேச்சு, இயக்கம், அறிவு வளர்ச்சி, மனநலம் ஆகியவற்றின் குறைபாடுகளோடு, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களும், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை என்னும் மூன்று இரத்த நோய்களும் அதில் இடம்பெற்றன. உள்ளுறுப்பு சார்ந்த, கண்ணுக்குத் தெரியாத நோயும் இயலாமை ஆகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது இது முதல் தடவை எனலாம். அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த இருபத்தொன்றில் கல்லீரல் நோய் இல்லை. சிறுநீரக நோயும் இல்லை.

இதன் விளைவு யாது? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இடஒதுக்கீடு, மாத ஓய்வூதியம், பயணச் சலுகை ஆகிய அனைத்தும் அந்தப் பட்டியலைப் பொறுத்தவை. பட்டியலில் உள்ள ஒரு குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு இருப்பதாக மருத்துவக் குழு சான்றளித்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி பிறக்கும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்திற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதோடு 80 விழுக்காடு வேண்டும். கல்லீரல் நோய்க்கோ விழுக்காடு கணக்கிடும் முறையே வகுக்கப்படவில்லை. ஆகையால் ஈரல் சுருங்கிய ஒருவர் எத்தனை முறை முகாமில் வரிசையில் நின்றாலும், அங்குள்ள மருத்துவர் எவ்வளவு நல்ல மனம் படைத்தவராயினும், அவரால் சான்று தர இயலாது.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு மாணவனின் தகப்பனார், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தக்காரரின் கீழ்த் துப்புரவுப் பணி பார்த்தவர். ஹெபடைட்டிஸ் பி என்னும் கிருமியால் ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். மாற்றுத்திறனாளி முகாமுக்கு மூன்று முறை சென்றார். கை கால் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற விடையோடு மூன்று முறையும் திரும்பினார். ஒவ்வொரு முறையும் துணைக்குச் சென்றவன் அந்த மாணவன். ஐந்து மாதங்கள் இவ்வாறு கழிந்தன. அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டிருந்ததும், அந்த அட்டை வீட்டுப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்ததும் அதற்குப் பின்னரே தெரியவந்தன. மூடிய கதவின் முன் நின்ற ஐந்து மாதமும், அவர்க்கென்று ஒரு கதவு வேறோரிடத்தில் இருந்தது. இன்று நான் சொல்லவந்த கருத்தும் இதுவே: கல்லீரல் நோயாளிக்கு ஊனச் சான்று என்னும் கதவு இன்று திறவாது, திறக்கக்கூடிய கதவுகள் வேறு சில உண்டு, அவற்றை அறிந்து, உரிய காலத்தில், உரிய தாள்களோடு தட்ட வேண்டும்.

இங்கே ஓர் ஒப்பீடு சொல்லலாம். அமெரிக்க நாட்டின் சமூகப் பாதுகாப்புத் துறை, உடலியலாமை உதவி வழங்குவதற்கு வைத்துள்ள பட்டியலில் 5.05 என்னும் எண்ணின்கீழ்க் கல்லீரல் நெடுநோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நோய் இருக்கிறது என்றால் மட்டும் போதாது. அதன் விளைவை அளந்து காட்ட வேண்டும். உணவுக்குழாயில் இரத்தம் கசிந்து, மருத்துவமனையில் குறைந்தது இரண்டு அலகு இரத்தம் ஏற்றும்படி ஆயிற்றா? வயிற்று நீர் குறைந்தது 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை காணப்பட்டு, இரத்தப் பரிசோதனையும் ஈரலின் தளர்ச்சியைக் காட்டுகிறதா? மூளைத் தடுமாற்றம் பதிவாகியுள்ளதா? இவற்றில் ஒன்று இருந்தால் அவர் தகுதி பெறுகிறார். ஈரல் மாற்று அறுவை நடந்தவரை, அன்று முதல் ஓராண்டுக்கு உழைக்க இயலாதவராகவே கொள்கிறார்கள். பட்டியலின் அளவை எட்டாதவரிடத்தும், உம்மால் எத்தனை மணி நேரம் நிற்க முடியும், எவ்வளவு சுமை தூக்க முடியும் என்று கேட்டு முடிவு செய்கிறார்கள். அங்கும் மறுக்கப்படுகிறவர்களும் முறையீடு செய்து காத்திருக்கிறவர்களும் உண்டு. அந்நாட்டைப் புகழ்வதற்காக இதை நான் சொல்லவில்லை. ஈரல் நோயின் இயலாமையை அளக்கமுடியாது என்று எவரேனும் சொன்னால், அளந்து காட்டியிருக்கிறார்கள் என்று விடை கூறுவதற்காகவே சொல்லுகிறேன்.

இனி நம் நாட்டில் இன்று திறந்திருக்கும் கதவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, மருத்துவம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகிய இரண்டிற்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகையைப் பெரும்பாலோர்க்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணப்படுத்தலாம். பி வகையை முற்றும் ஒழிக்க இயலாவிடினும், நாள்தோறும் ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஈரல் மாற்று அறுவை உள்ளிட்ட பெருஞ்செலவுச் சிகிச்சைகளை ஏற்கிறது. அத்திட்டத்திற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022 இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் ஏழை எளியோர்க்கு ஈரல் மாற்று அறுவை நடைபெற்றுவருகிறது. இக்காப்பீட்டு அட்டையை நோய் வந்தபின் தேடி ஓடாமல், நலமாக இருக்கும்போதே வாங்கி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இழந்த கூலி. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான், தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு வகுக்கும் பணி 1943 இல் பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வறிக்கையின் வழி வந்ததே 1948 ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அது இப்போது அடங்குகிறது. இ.எஸ்.ஐ. உறுப்பினர் சாதாரண நோய்க்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறுகிறார். அதற்கு அப்பால், 34 நெடுநோய்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. மகோதரத்தோடு கூடிய ஈரல் சுருக்கமும், நாள்பட்ட கடும் ஈரல் அழற்சியும் அப்பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அந்நோயாளிக்கு 80 விழுக்காடு ஊதியம், மருத்துவக் குழுவின் பரிந்துரையின்பேரில் இரண்டாண்டு வரை கிடைக்கக்கூடும். இரண்டாண்டு தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும். அதற்குள் அடங்கிய நான்கு சந்தாக் காலங்களில் மொத்தம் 156 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

சந்தா கட்டுவது ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறதே என்று சிலர் அஞ்சுவர். ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினாலும், வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு நீங்குவதில்லை. ஆகவே சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, உங்கள் காப்பீட்டு எண் என்ன என்பதைத் துப்புரவுப் பணி, காவற்பணி, தோல் பதனிடும் பணி, ஆலைப்பணி பார்ப்போர் ஒவ்வொருவரும் இன்றே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, தொழிலால் வந்த நோய். மருத்துவமனையில் குப்பை அள்ளும் கைகளில் ஊசி குத்துவதைச் சிறு காயம் என்று நாம் துடைத்துவிட்டுப் போகிறோம். ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் அந்த ஊசியின் நுனியில் இருக்கக்கூடும். தொற்று அபாயம் மிகுந்த பணியில் தொற்றிய நோயைத் தொழில்நோய் என்று சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஏற்கிறது. அதன் முதற்பகுதியில் இடம்பெறும் நோய்க்கு இத்தனை மாதம் பணி செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழில்நோய் என்று நிறுவப்பட்டால், இ.எஸ்.ஐ. உறுப்பினர்க்குத் தற்காலிக இயலாமைக்கு ஊதியத்தில் 90 விழுக்காடும், நிரந்தர இயலாமைக்கு ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப வாழ்நாள் முழுதும் உதவித்தொகையும் உண்டு. ஆனால் நிறுவ வேண்டுமே! நான் குறிப்பிட்ட அந்தத் தகப்பனாருக்குப் பல ஆண்டுகட்கு முன் குப்பைப் பையிலிருந்த ஊசி குத்தியிருக்கிறது. அன்று எவரும் அதனைப் பதிவு செய்யவில்லை. இரத்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. குத்திய ஊசிக்குச் சாட்சி இல்லாமற் போயிற்று. அவர் இ.எஸ்.ஐ. நெடுநோய் உதவியைத்தான் பெற முடிந்தது. தொழில்நோய் உதவியைப் பெற முடியவில்லை.

ஆகவே இதனை அழுத்திச் சொல்லுகிறேன். ஊசி குத்தினால் அன்றைய தினமே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்; விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்; அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மேலும், 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அக்கழிவைக் கையாளும் ஒவ்வொருவர்க்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடச் செய்வது மருத்துவமனையின் கடமை. மூன்று ஊசிகள், முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இதனைக் கேட்டுப் பெறுதல் யாசகம் அன்று; விதியை நினைவூட்டுதலே ஆகும்.

நான்காவது, வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995 ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம். பணிக்காலத்தில் ஒருவர், தாம் அதுவரை செய்யத்தக்கவராயிருந்த வேலைகளை இனிச் செய்ய இயலாதவாறு நிரந்தரமாக முடங்கிவிட்டால், பத்தாண்டுப் பணி நிறைவு பெறாவிடினும் அவர்க்கு ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே போதும். இங்கே நோயின் பெயர்ப்பட்டியல் ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடக்கம் வேலைக்களத்தில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மருத்துவக் குழுவின் முன் நின்று, உழைக்கும் ஆற்றல் போய்விட்டது என்பதைக் காட்ட வேண்டும். தொகை சிறியதே, 2014 செப்டம்பரில் குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் மாதந்தவறாமல் வருகிற தொகை அரிசிக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் உதவும்.

ஐந்தாவது, ஈரல் நோயோடு சேர்ந்து வரும் வேறு குறைபாடு. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உடலில் தாமிரச் சத்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்குவதால் வருவது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலும் இளமையிலும் வெளிப்படுவது. அதனால் கை கால் முறுக்கிக்கொண்டாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்த இயக்கக் குறைபாட்டையும் பேச்சுக் குறைபாட்டையும் பட்டியலில் உள்ள அத்தலைப்புகளின்கீழ் மதிப்பிடுமாறு கேட்கலாம். பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கெட்டால் ஆசிரியர் திட்டுவதற்கு முன் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று என் உடன் ஆசிரியர்கட்கும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இவ்வைந்து கதவுகளையும் எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். மருத்துவம் அனைவர்க்கும் உண்டு. கூலிக்கு ஈடு கிடைப்பதோ பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்க்கு மட்டுமே. வயலில் களை பறிப்பவர்க்கும், செங்கற் சூளையில் கல் அறுப்பவர்க்கும், பறை அடித்தும் பிணக்குழி வெட்டியும் பிழைப்பவர்க்கும் ஈரல் சுருங்கினால், மாதந்தோறும் உதவி தரும் திட்டம் எதிலும் அந்நோயின் பெயரால் இடமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்ந்தபோதும், அவ்வுயர்வு இவர்களை எட்டவில்லை. அவர் இறந்தபின் அவர் மனைவி விதவை ஓய்வூதியத்திற்கு மனுச் செய்யலாம். அதாவது, உயிரோடு இருந்து மருந்துக்கு வழியின்றித் தவித்த காலத்தில் அக்குடும்பத்தைக் காணாத அரசேடு, அவர் மறைந்தபின் காண்கிறது. பள்ளியிலும் இதே கதைதான். வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் வைப்பு நிதி உண்டு. அதற்கான படிவத்தில் நானே கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். நோயால் முடங்கிய தந்தையின் பிள்ளைக்கு அப்படிவத்தை நிரப்ப வழியில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். ஈரல் நோய் என்றவுடன், குடித்துக் கெட்டான் என்ற சொல் பிறக்கிறது. குடியால் ஈரல் கெடுவது உண்மை. நம் தெருக்களில் அது பல குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கிருமியாலும் கெடுகிறது. நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்த கொழுப்பாலும் கெடுகிறது. பிறவிக் குறையாலும் கெடுகிறது. நாம் ஏற்கெனவே இழிவுரைகளைச் சுமந்து பழகிய மக்கள். இந்தப் பழியையும் சுமக்க அஞ்சி, நோயை மறைத்து, மனு எழுதாமலே மாண்டவர்கள் உண்டு. இ.எஸ்.ஐ. நெடுநோய்ப் பட்டியலின் சொற்களில் ஈரல் எதனால் சுருங்கிற்று என்ற கேள்வி இல்லை. சட்டம் கேட்காத கேள்வியை நாம் ஏன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்? குடித்தவராயினும் நிறுத்தச் சொல்லுவோம். சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுவோம். அவருடைய பிள்ளைக்குச் சேரவேண்டிய சோற்றை அவர் குடித்தார் என்பதற்காக மறுப்பது நீதியன்று.

இனித் தாள்களைப் பற்றிச் சில சொற்கள். எந்தக் கதவைத் தட்டுவதாயினும் கேட்கப்படுவது தாளே. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கை, எண்டோஸ்கோபி அறிக்கை, வயிற்று நீர் எடுத்த நாட்கள், இரத்தம் ஏற்றிய நாட்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மருத்துவரிடம், நோயின் பெயரை மட்டும் எழுதாமல், இவரால் எவ்வேலை இயலாது, எவ்வளவு காலம் இயலாது என்பதையும் எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள். களைப்பாக இருக்கிறது என்று எழுதிய சீட்டைவிட, மூன்று மாதத்தில் நான்கு முறை வயிற்று நீர் எடுக்கப்பட்டது, சுமை தூக்குதல் கூடாது என்று எழுதிய சீட்டு மனுவுக்கு வலிமை தரும். மனு மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதப்பட்ட மறுப்பின் மேல்தான் மேல்முறையீடு எழுத முடியும்.

இவற்றையெல்லாம் படுத்த படுக்கையில் இருப்பவரும், எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவியும் எங்ஙனம் செய்வர்? இங்குதான் இக்கழகத்தின் கடமை வருகிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கிறது. அவர்களுள் ஆசிரியர் உண்டு, செவிலியர் உண்டு, வருவாய்த் துறையில் பணிபுரிவோர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், நம் படிப்பகத்தில் இருவர் அமர்ந்து நோயாளிக் குடும்பங்களின் தாள்களைப் பார்த்து மனு எழுதித் தரலாகாதா? ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பேரேடு போதும். யார் வந்தார், எந்த அலுவலகத்திற்கு எந்த நாளில் மனு அனுப்பப்பட்டது, என்ன விடை வந்தது என்பதைப் பேரேட்டில் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர்க்கு அது வழிகாட்டியாகும்.

அப்பேரேடு இன்னொன்றுக்கும் பயன்படும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருபத்தொரு குறைபாடுகளையும் சொல்லி முடித்தபின், மத்திய அரசு அறிவிக்கும் பிற வகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வாசகம் இருக்கிறது. சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஓர் அறிவிப்பு போதும். மேலும் அச்சட்டமே மாற்றுத்திறனாளி என்பவரை விளக்கும்போது, நீண்டகால உடற்குறைபாடு பிற தடைகளோடு சேர்ந்து, சமூக வாழ்வில் பிறரோடு சமமாகப் பங்குகொள்ள விடாமல் எவரைத் தடுக்கிறதோ அவர் என்றே பரந்த நோக்கில் விளக்குகிறது. முற்றிய ஈரல் நோயாளிக்கு இவ்விளக்கம் பொருந்தாது என்று எவர் சொல்ல முடியும்? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனு இதற்குப் போதாது. தில்லியில் உள்ள சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்கும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் இக்கோரிக்கை செல்லுதல் வேண்டும். வெறும் தீர்மானமாக அன்றி, பேரேட்டில் பதிந்த குடும்பங்களின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு செல்லுமாயின் அதற்கு மதிப்பு மிகும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடப்படுகிறது. கருவுற்ற காலத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். இன்று போடும் அந்த ஓர் ஊசி, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் முகாமில் வரிசையில் நிற்காமல் காக்கும்.

நான் குறிப்பிட்ட மாணவன் என்ன ஆனான் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இ.எஸ்.ஐ. உதவி வரத் தொடங்கியபின் அவன் பள்ளிக்குத் திரும்பினான். பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதினான். இழந்த ஐந்து மாதப் பாடம் கணிதத்தில் தெரிந்தது. ஆயினும் பள்ளியை விட்டு நின்றுவிடவில்லை. உரிய தாள் ஒன்று உரிய மேசைக்குப் போனதால் ஒரு பிள்ளையின் படிப்பு பிழைத்தது. படித்தவர்கள் படியாதவர்க்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இதனினும் எளியது பிறிதில்லை. வெள்ளிவிழாவோடு அப்பணியும் தொடங்குமாயின், ஞாயிற்றுக்கிழமை மேசையில் அமரும் இருவருள் ஒருவனாக என்னையும் எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.